எழுப்ப ஒரு வரி

திங்கக்கிழமை காலைல முதல் பார்சல் போனதுமே பெல்ட் நின்னுடுச்சு. அக்கா எழுதினதப் போட்டு ஒரு நிமிஷம் கூட ஆகல.

அது ஒரு பார்சல் கம்பெனி. ஒரு பக்கம் பார்சல் வந்து விழும், பெல்ட்டுல போகும், நடுவுல ஒரு கேமரா அட்ரஸப் படம் பிடிக்கும், இது எந்த லாரில ஏறணும்னு ஒரு கம்ப்யூட்டர் யோசிச்சு சீட்டு அடிச்சு ஒட்டும். அந்த யோசிக்கிற ப்ரோகிராம் இருபது வருஷத்துக்கு முன்னாடி எழுதினது. கதவு நம்பர், தெரு பேருன்னு ஒழுங்கா எழுதியிருந்தா அதுக்குப் புரியும். "பெட்ரோல் பங்குக்கு எதுத்தாப்ல, நீல கேட்டு, நாய் இருக்கும்"னு எழுதினா முழிக்கும். ஆனா பாதிப் பேர் அப்படித்தான எழுதறாங்க. அதைப் படிக்கறதுக்குத்தான் அக்கா தனியா ஒரு லைப்ரரி எழுதினா. லைப்ரரின்னா புஸ்தகம் இல்ல. அது தானா ஓடாது. பெரிய ப்ரோகிராமுக்குத் தேவைப்படறப்ப உள்ள கூப்பிட்டு உக்கார வச்சு, கேள்வி கேட்டுப் பதில் வாங்கிக்கும். அவ்வளவுதான். பழைய ப்ரோகிராம் ஒரு கம்ப்யூட்டர் மொழில இருக்கு, அக்காவோடது வேற மொழி.

அக்காவுக்கு அங்க ஆறு மாசம் சோதனைக் காலம். அந்த வெள்ளிக்கிழமையோட முடியுது. நிரந்தரம் பண்ணிட்டா நாங்க ரெண்டு பேரும் இங்கயே இருக்கலாம். பண்ணலேன்னா மூட்டையக் கட்டிட்டு ஊருக்கு வந்துடணும்னு அப்பா முதல்லயே சொல்லித்தான் அனுப்பினார். அங்க போனா அக்கா அப்பாவோட கடைல பில்லு போடணும். எனக்கு பதினொண்ணாவது பாதில நிக்கும், ஏன்னா எங்க ஊர்ப்பக்கம் பத்தாவதுக்கு மேல ஸ்கூலே கிடையாது.

அக்கா இப்பத்தான் தூங்கினா. அதான் சொல்றேன். நடந்ததெல்லாம் அவ தினம் சாயந்திரம் வந்து எங்கிட்ட சொன்னதுதான். கடைசில ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

பெல்ட் நின்னதும் மேனேஜர் வந்து என்னம்மான்னார். அக்கா ஸ்கிரீனப் பாத்த உடனே புரிஞ்சுக்கிட்டா. அன்னைக்கு சாயந்திரம் எனக்கு அதை இப்படித்தான் விளக்கினா.

"காலைல காபி குடிக்கறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஏதாவது கேட்டா என்ன ஆகும்?"

"கடிச்சு வைப்பே."

"அதேதான்டி வாலு. என்னோட மொழி எழுந்து, மூஞ்சி கழுவி, காபி குடிச்சாத்தான் வேலை செய்யும். முழு ப்ரோகிராமும் அந்த மொழியிலயே இருந்தா அதுவே எழுந்துக்கும், சொந்த வீடு இல்லையா. இங்க அடுத்தவங்க வீட்டுல போய்ப் படுத்திருக்கு. அவங்கதானே எழுப்பணும்? எழுப்பாம நேரா கேள்வி கேட்டுட்டாங்க."

அப்ப எழுப்பச் சொல்லேன்னு நான் கேட்டேன். அதுக்கு அந்தப் பழைய ப்ரோகிராம்ல ஒரு வரி சேக்கணுமாம். முதல் கேள்விக்கு முன்னாடி, "எழுந்திரு"ன்னு ஒரே ஒரு வரி. அந்தப் பழைய ப்ரோகிராம் கல்வெட்டோடது.

கல்வெட்டுன்னா அவங்க சீனியர் சார். அந்தப் பேர் அக்கா வச்சது. அவர் எழுதினத யாரும் மாத்தக்கூடாது, தூரத்துல நின்னு கும்பிடலாம். ரிட்டயர் ஆக ரெண்டு வருஷம் இருக்கு. கம்பெனியே அவர் ப்ரோகிராம் மேலதான் நிக்குதுன்னு மேனேஜர் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்வார். ஒரு சின்ன வசதி மட்டும் அவர் அன்னைக்கே வச்சிருந்தார். ஒரு போல்டர்ல எந்த லைப்ரரியப் போட்டாலும் அவரோட ப்ரோகிராம் எடுத்துக் கூப்பிட்டுக்கும். அக்காவோடது அந்த வழியாத்தான் உள்ள போச்சு.

அக்கா போய்க் கேட்டா.

"ஒரே ஒரு வரிதான் சார்."

"இருபது வருஷமா ஓடுது. நீ வந்து ஆறு மாசம் ஆகல."

"வேணும்னா நீங்களே சேத்துக் குடுங்க சார். இல்ல, எழுதி வச்சிருக்கறதக் காட்டுங்க, எந்த இடம்னு நான் சொல்றேன்."

ஓடறது வேற, எழுதி வச்சது வேறயாம். ஓடறதுல ஒரு புள்ளிய மாத்தணும்னாலும் எழுதி வச்சதத் திறந்து மாத்தி, மறுபடி அதுலேர்ந்து ஓடறதச் செய்யணும். கல்வெட்டு கண்ணாடியக் கழட்டித் துடைச்சாராம். பாத்து என்ன பண்ணப் போறேன்னாராம். உன்னோட பொருள் அடுத்த வீட்டுல போய் வேலை செய்ய மாட்டேங்குதுன்னா குறை பொருள்லதான், வீட்டுல இல்லன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

மேனேஜரும் அதையேதான் சொன்னார். இருபது வருஷம் பெரிசா, ஆறு மாசம் பெரிசா?

செவ்வாய்க்கிழமை அக்கா வேற வழி கண்டுபிடிச்சா. யாரும் எழுப்ப வேண்டாம், லைப்ரரி உள்ள நுழையறப்பவே தானா எழுந்துக்கற மாதிரி எழுதிட்டா. காலைல ரொம்ப சந்தோஷமாப் போனா, எனக்கு டிபன் கட்டக்கூட மறந்துட்டா.

உள்ள நுழைஞ்சது. அங்கேயே நின்னுடுச்சு.

என்னன்னா, அந்த வாசல்ல ஒரு சட்டம். ஒருத்தர் முழுசா உள்ள போற வரைக்கும் அடுத்தவர் காலை வைக்கக்கூடாது. அக்காவோட மொழி எழுந்திருக்கணும்னா கூட நாலு எடுபிடி வேணும். இவங்க வாசப்படில நின்னுக்கிட்டு, எடுபிடிங்க வந்தாத்தான் நான் உள்ள போவேன்னு நிக்கறாங்க. எடுபிடிங்க, இவங்க உள்ள போனாத்தான் நாங்க வர முடியும்னு வெளில நிக்கறாங்க. சண்டையும் இல்ல, சத்தமும் இல்ல. எரர்னு ஒண்ணு வந்திருந்தா பெல்ட் நின்னிருக்கும். வரல. அதனால பெல்ட் பாட்டுக்கு ஓடுது, சீட்டு ஒட்டாம பார்சல் எல்லாம் அந்தப் பக்கம் போய் விழுது. யாரும் கவனிக்கல. அரை மணி கழிச்சு லோடு ஏத்தற அண்ணன் ஒருத்தர் வந்து, கதவைத் திறக்க முடியல, உள்ள பார்சல் மலையா நிக்குதுன்னார்.

கல்வெட்டு வந்து போல்டர்லேர்ந்து அக்காவோடத எடுத்துட்டுப் பழையபடி ஓட விட்டார். ரெண்டு விரலால பிடிச்சு எடுத்தார்னா அக்கா. ஒரு ஃபைல எப்படி ரெண்டு விரலால எடுப்பாங்கன்னு கேட்டேன். நீ அவர் மூஞ்சியப் பாத்திருக்கணும்னா.

புதன்கிழமை, உள்ள போகும்போது எழுந்துக்காம, முதல் கேள்வி வர்றப்ப எழுந்துக்கற மாதிரி மாத்தினா. ஏற்கெனவே எழுந்தாச்சான்னு பாரு, இல்லேன்னா எழுந்திரு, அப்புறம் பதில் சொல்லு. படிக்கறப்ப எனக்கே புரிஞ்சுது, இதுல என்ன தப்பு வர முடியும்னு தோணுச்சு.

கம்பெனில நாலு பெல்ட். நாலும் எட்டு மணிக்கு ஒண்ணா ஸ்டார்ட் ஆகும். ரெண்டு பெல்ட்டுலேர்ந்து ஒரே நொடில முதல் கேள்வி வந்துச்சு. எழுந்தாச்சான்னு ரெண்டும் பாத்துச்சு, இல்லன்னு தெரிஞ்சுது, ரெண்டும் சேந்து எழுப்பிடுச்சு. ஒரே ஆளை ரெண்டு பேர் ரெண்டு பக்கமாப் பிடிச்சு எழுப்பினா அவன் எப்படி இருப்பான்? அதுக்கப்புறம் அது சொன்ன பதிலெல்லாம் இந்தப் பார்சலுக்கு அந்த அட்ரஸ், அந்தப் பார்சலுக்கு இந்த அட்ரஸ். மத்தியானத்துக்குள்ள நூத்து எழுபது பார்சல் மாறிப் போயிடுச்சு. ஒரு பல் டாக்டருக்குப் போக வேண்டிய இருபது ஜோடி பல் ஒரு பொம்மைக் கடைக்குப் போச்சு. பல் டாக்டருக்குப் போனது ஒரு மூட்டை விசில். அவர் போன் பண்ணித் திட்டும்போது பின்னாடி யாரோ ஊதிக்கிட்டு இருந்தாங்களாம்.

அதைச் சொல்லும்போது நாங்க ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அக்கா ஒரு நோட்டை எடுத்து மறுபடி முதல்லேர்ந்து எழுத ஆரம்பிச்சா.

அன்னைக்கு அப்பா போன் பண்ணினார். எல்லாம் எப்படிப் போகுதுன்னார். சூப்பராப் போகுதுப்பான்னா. அப்ப சனிக்கிழமை டிக்கெட் எடுக்க வேண்டாம்ல, எடுத்தா கேன்சல் பண்ண முடியாதுன்னார். வேண்டாம்ப்பான்னா. போனை வச்சுட்டு அவ கையத் துணில துடைச்சா. ஈரமே இல்ல.

வியாழக்கிழமை ஒரு பூட்டுப் போட்டா. ஒருத்தர் எழுப்பற வரைக்கும் அடுத்தவர் காத்திருக்கணும். அது பிரமாதமா வேலை செஞ்சுது. நீல கேட்டு, நாய், மாமரம், "போன தடவை வந்த அதே வீடு", எல்லாத்தையும் சரியாப் படிச்சு சரியான லாரிக்கு அனுப்புச்சு. லோடு ஏத்தறவங்க கூட வந்து இன்னைக்கு நல்லாருக்கும்மான்னுட்டுப் போனாங்க. மதியம் சாப்பாட்டு நேரம் வந்துச்சு. பெல்ட்டுங்க பத்து நிமிஷம் சும்மா இருந்துச்சு.

கல்வெட்டோட ப்ரோகிராமுக்கு ஒரு பழக்கம். பத்து நிமிஷம் வேலை இல்லேன்னா உள்ள கூப்பிட்ட லைப்ரரிய வெளில அனுப்பிடும். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர்ல இடம் கம்மி, அதுக்காக எழுதினது. பழைய லைப்ரரிங்க கூப்பிட்டா வரும், போன்னா போகும், பிரச்சினை இல்ல. அக்காவோடது அப்படி இல்லையே, எழுந்து உக்காந்து நாலு எடுபிடிய வச்சு உள்ள வேலை நடக்குது. வெளில போன்னதும் எடுபிடிங்க நின்ன தரையையே உருவிட்ட மாதிரி ஆயிடுச்சு. மொத்தமும் விழுந்துச்சு, கல்வெட்டோட ப்ரோகிராமையும் சேத்து. இருபது வருஷத்துல முதல் தடவையா அது விழுந்ததுன்னு மேனேஜர் எல்லார் முன்னாடியும் சொன்னார். ஏதோ வீட்டுல பெரியவர் தவறிட்ட மாதிரி ஒவ்வொருத்தரா வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாங்களாம்.

அக்கா விடல. சாப்பிடக்கூடப் போகாம உக்காந்து, போன்னாலும் போகாத மாதிரி லைப்ரரியக் கட்டிப் போட்டா. அதுக்கும் அந்த ப்ரோகிராம் ஒண்ணு வச்சிருந்துச்சு. திரும்பக் கூப்பிடறப்ப பழசத் தேடாது, போல்டர்லேர்ந்து புதுசா ஒரு காப்பி எடுத்து, புதுப் பேர் வச்சு உள்ள விடும். அதாவது பழைய விருந்தாளி போகல, புது விருந்தாளி வந்தாச்சு. புதுசும் எழுந்து, காபி குடிச்சு, நாலு எடுபிடியக் கூப்பிட்டு உக்காந்துக்கும். மத்தியானத்துக்கு மேல பார்சல் வரத்து கம்மி, பெல்ட் அடிக்கடி சும்மா இருக்கும், சாயந்திரம் பாத்தா பதினாலு விருந்தாளி. காலை நீட்ட இடம் இல்ல. கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நின்னுடுச்சு.

அக்கா மறுபடியும் கல்வெட்டுகிட்ட போனா. இந்தத் தடவை கிட்டத்தட்ட கெஞ்சினாளாம். சார், நாளைக்கு எனக்குக் கடைசி நாள், ஒரு வரி சேத்துக் குடுத்தா எல்லாம் சரியாயிடும், எந்தத் தப்பு வந்தாலும் என் பேர்ல எழுதிக்கோங்கன்னு சொன்னா. அவர் அவளையே பாத்துட்டு, முடியாதும்மான்னார். அக்காவுக்கு அந்த "அம்மா"தான் ரொம்ப எரிச்சலா இருந்துச்சாம்.

அப்பத்தான் கடைசி வழி தோணுச்சு. அவர் வீட்டுல போய்ப் படுத்தாத்தானே எழுப்பணும், போகச் சொல்லணும். நம்ம வீட்டுலயே இருக்கட்டும். தனி ப்ரோகிராமா எப்பவும் முழிச்சுக்கிட்டே இருக்கட்டும். அந்த போல்டர்ல கல்வெட்டோட மொழியிலயே ஒரு குட்டி லைப்ரரியப் போட்டு, கேள்விய மட்டும் இங்க அனுப்பிப் பதில் வாங்கிக்கிட்டா போதும். அருமையான யோசனை. ஆனா அதை ஓட்ட இன்னொரு கம்ப்யூட்டர் வேணும். ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேணும்னா கல்வெட்டு கையெழுத்துப் போடணும்.

அதனால நிஜமாவே எங்க வீட்டுக்கு வந்துடுச்சு. ஹால்ல, நான் படிக்கற டேபிள்ல, என்னோட கம்ப்யூட்டர்ல.

"நாளைக்கு சாயந்திரம் நாலு மணி வரைக்கும்தான். நிரந்தரம்னு லெட்டர் கைக்கு வந்ததும் முறையா ஒரு மெஷின் கேட்டு வாங்கிடுவேன். அது வரைக்கும் இதை யாரும் தொடக்கூடாது."

"இந்த வீட்டுல யாருன்னா நான்தான்."

"அதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை நான் வயித்து வலின்னு ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுக் காவல் உக்காந்தேன். ஸ்கிரீன்ல ஊர்ல இருக்கற எல்லார் அட்ரஸும் வரிசையாப் போய்க்கிட்டே இருந்துச்சு. அட்ரஸ் வரும், லாரி நம்பர் போகும். எனக்குப் பெருமையா இருந்துச்சு, நானே எல்லாப் பார்சலையும் அனுப்பற மாதிரி. அக்கா பதினோரு மணிக்கு மெசேஜ் அனுப்பினா, ஒரு தப்பு கூட இல்லன்னு. மேனேஜர் கை குடுத்தாராம். நாலு மணிக்கு லெட்டர் ரெடின்னாராம். கல்வெட்டு அவ பின்னாடி வந்து ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துக்கிட்டு நின்னாராம்.

"என்னோடதுல ஒரு வரி கூட மாத்தாம பண்ணிட்டியா?"

"ஆமா சார்."

"அப்ப இனிமே அதை யாரும் திறக்க வேண்டியதே இல்ல, இல்லையா?"

அவர் கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சாம். பொறாமைன்னு அக்கா எழுதியிருந்தா. பக்கத்துல ஒரு டான்ஸ் ஆடற பொம்மை.

ரெண்டரை மணிக்கு கம்ப்யூட்டர் எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அப்டேட் பண்ணணும், ஆஃப் பண்ணி ஆன் பண்ணட்டுமான்னு. அப்புறம்னு அமுக்கினேன். பத்து நிமிஷத்துல மறுபடி கேட்டுச்சு. அப்புறம். மறுபடி. அப்புறம். பாத்ரூம் கூடப் போகல நான். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கறப்ப அது கேக்கவே இல்ல. தானா அணைஞ்சுடுச்சு.

நான் அக்காவுக்குப் போன் பண்ணினேன். அவ கத்தல. ரொம்ப மெதுவா, ஆன் ஆனதும் எந்தப் பட்டனை அமுக்கணும்னு சொன்னா. அவசரத்துல ரெண்டு தடவை மாத்தி அமுக்கினேன். ஆறு நிமிஷத்துல திரும்ப ஓடிடுச்சு. ஆனா அந்த ஆறு நிமிஷம் அங்க பெல்ட் நின்னிருக்கு, மேனேஜர் லெட்டரோட அவ பக்கத்துல வந்து நின்னிருக்கார். என்னாச்சுன்னு கேட்டிருக்கார். அந்த மெஷின் எங்க இருக்கு, நான் போய்ப் பாக்கறேன்னிருக்கார்.

"எங்க வீட்டு ஹால்ல சார்."

பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அது வராது.

அதுக்கப்புறம் பேசினது கல்வெட்டுதான். ஆயிரக்கணக்கான ஜனங்களோட அட்ரஸ் வெளில ஒரு வீட்டுக்குப் போயிருக்கு, அங்க யார் யார் பாத்தாங்களோன்னார். பாத்தது நான்தான். அவர் சொன்னதுல தப்பும் இல்ல. மேனேஜர் அந்த லெட்டர நாலா மடிச்சுப் பாக்கெட்ல வச்சுக்கிட்டார்.

இன்னைக்குக் காலைல அவ சாமானை எடுத்துட்டு வரப் போனப்ப நானும் போனேன், பை தூக்கறதுக்கு. ஒரு கையெழுத்து பாக்கியாம். நடந்த தப்பு முழுக்க என்னோட லைப்ரரிலதான், பழைய ப்ரோகிராம்ல எந்தக் குறையும் இல்லன்னு எழுதிக் குடுக்கணும். குடுத்தாத்தான் ஆறு மாசம் வேலை பாத்ததுக்கு சர்டிபிகேட் தருவாங்க. அந்த ரெண்டு வரியச் சொல்லச் சொல்ல அக்கா எழுதினா. சொன்னது கல்வெட்டு. கண்ணாடிக் கதவு வழியா எனக்குத் தெரிஞ்சுது. அக்கா குனிஞ்சு எழுதறா, அவர் அவளைப் பாக்கவே இல்ல, ஜன்னலைப் பாத்துக்கிட்டு சொல்லிக்கிட்டு இருக்கார்.

நான் வெளில பெஞ்சுல உக்காந்திருந்தேன். தரை துடைக்கற அம்மா காலைத் தூக்குன்னாங்க. தூக்கினேன். நீ அந்தப் பொண்ணோட தங்கச்சியான்னாங்க. ஆமான்னேன். பதினஞ்சு வருஷமா இங்க துடைக்கறேன், குடிச்ச கப்பைக் கழுவி வைக்கற ஒரே ஆள் உங்க அக்காதான், ஏன் அனுப்பறாங்கன்னு கேட்டாங்க. எனக்கு அழுகையா வந்துச்சு. எல்லாத்தையும் கொட்டிட்டேன். நாளைக்குக் காலைல அப்பா வந்து எங்களைக் கூட்டிட்டுப் போயிடுவார், நான் இனிமே ஸ்கூலுக்குப் போக மாட்டேன், ஒரே ஒரு வரி, அந்த சார் நினைச்சிருந்தா ஒரு நிமிஷத்துல சேத்துக் குடுத்திருக்கலாம், அவருக்கு மனசு இல்லன்னு சொன்னேன்.

அந்தம்மா கண்ணாடிக் கதவைத் திரும்பிப் பாத்துட்டு, மாப்பை பக்கெட்ல போட்டுட்டு, என் காது பக்கமாக் குனிஞ்சாங்க.

"மனசு இல்லாம இல்ல கண்ணு, அவர் எழுதி வச்சிருந்த பழைய கம்ப்யூட்டர அவரே சொல்லித்தான் ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி நான் இரும்புக் கடைல எடைக்குப் போட்டேன், மறுநாள் அந்தக் கடைக் குப்பைல உக்காந்து தேடித் தேடி அழுதாரு, ஓடறதத் தவிர இன்னைக்கு அவர் கைல ஒரு எழுத்து கூட இல்ல."